வெப்ப அறையில் பன்னிரண்டாம் எண்

அந்த ஆய்வகத்தின் இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு கண்ணாடிச் சுவர் மட்டுமே இருந்தது. ஒன்றில் வெப்பம் முப்பத்தைந்து பாகை, காற்றில் அறுபது விழுக்காடு ஈரம், நடுவில் தரையோடு திருகி நிறுத்திய ஒரு சைக்கிள். மற்றதில், கணினிகளின் நலனுக்காக ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த குளிரூட்டியின் கீழே, சால்வையைத் தோளில் இழுத்துப் போர்த்தியபடி ஆய்வக உதவியாளர் உட்கார்ந்திருப்பாள். குளிரில் இருந்துகொண்டு வெக்கையில் இருப்பவரின் எண்களை எழுதுவதுதான் மூன்று ஆண்டுகளாக அவள் வேலை.

இப்போதைய ஆய்வு இசையைப் பற்றியது. கடும் வெக்கையில் பாட்டுக் கேட்டபடி உடற்பயிற்சி செய்பவர், கேளாமல் செய்பவரைவிட நெடுநேரம் தாங்குகிறாரா, தாங்கினால் உடலுக்கு அதனால் நேர்வது என்ன என்று அறிய வேண்டும். பன்னிரண்டு பேர் ஒரு வார இடைவெளியில் இருமுறை வந்து, முடியுமட்டும் சைக்கிள் மிதிப்பார்கள். ஒருமுறை மௌனத்தில், ஒருமுறை தாங்களே தேர்ந்தெடுத்த பாடல்களோடு. எவ்வளவு விசையோடு மிதிப்பது என்பது அவரவர் விருப்பம். தாள்களில் பெயர் இராது, எண் மட்டும் இருக்கும். பதினொரு பேர் முடித்துவிட்டார்கள். பன்னிரண்டாமவர் காய்ச்சல் என்று விலகிக்கொண்டபோது, உதவியாளர் தன் தம்பியை அந்த எண்ணுக்குள் நுழைத்துவிட்டாள்.

ஊழியரின் உறவினர் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி இருந்தது. படிவத்தில் அந்தக் கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதியது அவள் கைதான். தம்பி ஒரு மாதமாக நச்சரித்திருந்தான். தீயணைப்புத் துறைக்கான தகுதி ஓட்டத்தில் சென்ற ஆண்டு நண்பகல் வெயிலில் பாதியில் உட்கார்ந்துவிட்டவன் அவன். அடுத்த மாதம் மறுபடியும் ஓட வேண்டும். தன் உடல் எவ்வளவு தாங்கும் என்று ஓர் இயந்திரம் சொல்லிக் கேட்க ஆசைப்பட்டான்.

“சிஸ்டர், பன்னிரண்டாம் நம்பர் ரெடி,” என்று இரண்டாவது சோதனையன்று காலை பதினொரு மணிக்கு அவன் வந்து நின்றான்.

“ஒழுங்கா பேசு. மேடம் காதுல விழும்.”

“ஆஸ்பத்திரில எல்லாரும் அப்படித்தானே கூப்பிடறாங்க? உண்மையைச் சொன்னமாதிரியும் ஆச்சு, மாட்டிக்காத மாதிரியும் ஆச்சு.”

இதயத் துடிப்பை அளக்கும் பட்டையை அவன் மார்பில் கட்டி, வேண்டியதற்கு ஒரு துளை அதிகமாகவே இறுக்கினாள்.

“கொஞ்சம் மூச்சு விட இடம் குடு. நான் ஒருத்தன்தான் உனக்குத் தம்பி, ஸ்டாக் கிடையாது.”

“வாயை மூடினா மூச்சு தானா வரும். மாத்திரை அஞ்சு மணிக்குத்தானே போட்ட?”

“ம்.”

அது நோய்க்கான மாத்திரை அன்று. அவரை விதை அளவுள்ள ஒரு வெப்பமானி. விழுங்கினால் குடலுக்குள் இருந்தபடியே உடலின் உட்சூட்டை வானொலி அலையாக அனுப்பிக்கொண்டிருக்கும். இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குள் இறங்க ஆறு மணி நேரமாவது ஆகும் என்பதால், பதினொரு மணிச் சோதனைக்கு விடியற்காலை ஐந்துக்கே விழுங்கியாக வேண்டும். தாமதமாக விழுங்கி, அது இன்னும் இரைப்பையிலேயே தங்கியிருந்தால், குடிக்கிற தண்ணீரின் குளிர்ச்சியைத்தான் அது சொல்லும். பதினொரு பேரும் ஐந்து மணி என்றே சொல்லியிருந்ததால், விடையையும் சேர்த்தே கேள்வி கேட்கும் வழக்கம் அவளுக்கு வந்துவிட்டிருந்தது. இன்றைய படிவத்தில் ‘5.00’ என்பதை நேற்று மாலையே எழுதி வைத்திருந்தாள்.

ஆனால் அன்று விடியலில் தம்பி அயர்ந்து தூங்கிவிட்டிருந்தான். அவன் அதை விழுங்கியது ஒன்பதரை மணிக்கு, பேருந்தில். சொன்னால் சோதனை தள்ளிப்போகும், அக்காவுக்குத் தொல்லை என்று நினைத்து ‘ம்’ என்றான். அந்த ஒற்றை எழுத்துக்கு அவள் தலையை ஆட்டிவிட்டுப் படிவத்தைக் கோப்பில் செருகினாள்.

ஆய்வை நடத்தும் மேடம் உள்ளே வந்தபோது தம்பி சைக்கிளில் ஏறி, காதுகளை முழுதும் மூடும் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டிருந்தான்.

“போன வாரம் இவருக்கு எவ்வளவு?”

“பாட்டில்லாம முப்பத்தேழு நிமிஷம், மேடம். உட்சூடு முப்பத்தொன்பது புள்ளி ஒண்ணு. முடியலைன்னு அவரே இறங்கிட்டார்.”

“சரி, இன்னைக்குப் பாட்டு என்ன பண்ணுதுன்னு பார்க்கலாம். முப்பத்தொன்பதரை தொட்டா நிறுத்திடுவோம்.”

அது ஆய்வின் எல்லைக்கோடு. அதைத் தொட்டால் கணினியே மணியடிக்கும்.

அவன் மிதிக்கத் தொடங்கினான். கண்ணாடிக்கு இப்பால் பாட்டு கேட்காது. சக்கரத்தின் இரைச்சலையும் மூச்சையும் மட்டும் ஒரு சிறிய ஒலிபெருக்கி கொண்டுவந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் ஓர் அட்டையைக் கண்ணாடியில் வைத்துக் காட்டுவாள். அதில் ஆறு முதல் இருபது வரை எண்கள்: ஆறு என்றால் சும்மா இருப்பதுபோல, இருபது என்றால் இனி ஒரு மிதிகூட முடியாது. எவ்வளவு சிரமம் என்று மிதிப்பவர் தானே ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். இந்த வேலையில் பழகியவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். சொன்ன எண்ணின் பின்னால் ஒரு சுழியத்தைச் சேர்த்தால், இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறதோ ஏறக்குறைய அது வந்துவிடும்.

பத்தாம் நிமிடத்தில் அவன், “பதினொண்ணு,” என்றான். துடிப்பு நூற்றிருபத்தைந்து. பாட்டு கொஞ்சம் ஏமாற்றும் என்பது எதிர்பார்த்ததே.

இருபதாம் நிமிடத்திலும், “பதினொண்ணு.” துடிப்பு நூற்றைம்பத்தெட்டு. சென்ற வாரத்தைவிட வேகமாகவே மிதித்துக்கொண்டிருந்தான். நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் போலும், குளிர்ந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தான். ஒவ்வொன்றின் நேரத்தையும் அவள் குறித்துக்கொண்டாள். திரையில் உட்சூடு முப்பத்தேழு புள்ளி ஏழு.

முப்பதாம் நிமிடத்தில் மேடம் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டார். “இன்னும் முப்பத்தேழு புள்ளி ஆறுதானா? சிரமம் தெரியாம இருக்கும்னு நினைச்சேன். உடம்பே குளுமையா இருக்கும்னு நினைக்கலையே.”

“துடிப்பு நூத்தி எழுபத்தி நாலு, மேடம்.”

“இருக்கட்டும். வேகமா மிதிக்கிறார், துடிக்கத்தான் செய்யும். சூடு பாருங்க, அசையவே இல்லை. இந்த ஒருத்தர்கிட்ட மட்டும் ஏன் இப்படின்னு கண்டுபிடிச்சா அதுவே தனிக் கட்டுரை.” அவர் குறிப்பேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார். நான்கு ஆண்டுகள் ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டியவரின் முகத்தில் வரும் வெளிச்சம் அவர் முகத்தில் வந்திருந்தது. அதைக் கெடுக்க உதவியாளருக்கு மனம் வரவில்லை.

ஆனால் தாளில் எழுதிய அந்தத் துடிப்பின் எண்ணை அவள் இருமுறை அடிக்கோடிட்டாள். காரணம் சொல்லத் தெரியவில்லை. கருவி நலம் என்றது. மிதிப்பவன் நலம் என்றான். இரண்டு சாட்சிகளும் ஒத்துப் பேசும்போது மூன்றாவதாக அச்சத்தை அழைத்துக் கேட்கும் வழக்கம் அந்த அறையில் இல்லை.

முப்பத்தெட்டாம் நிமிடத்தில் அவன் வலக்கை பிடியிலிருந்து நழுவியது. உடனே எடுத்து வைத்துக்கொண்டான். சிரித்தான். அந்தச் சிரிப்பு யாருக்கும் உரியதாக இல்லை. கண்ணாடியின் மூலையைப் பார்த்துச் சிரித்தான், அங்கே யாரும் இல்லை.

“கையைப் பாருங்க,” என்றார் மேடம் மெதுவாக. “புல்லரிச்சிருக்கு. பிடிச்ச பாட்டு கேட்டா அப்படி ஆகும்னு படிச்சிருக்கேன். கண்ணால இப்பத்தான் பார்க்கிறேன்.”

அவளும் பார்த்தாள். வியர்வை வழிந்த முன்கையில் மயிர்கள் குத்திட்டு நின்றன. முப்பத்தைந்து பாகை வெக்கையில் ஒருவனுக்குக் குளிர்வதுபோல் இருந்தது அது. இந்த அறையின் பாதுகாப்புக் குறிப்பைத் தட்டச்சு செய்தவள் அவள்தான். ‘வெப்பத்தின் நடுவே உடல் சிலிர்த்தல்’ என்ற வரியை அடித்தபோது எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டுமே பார்த்திருந்தாள்.

நாற்பத்தைந்தாம் நிமிடம் வந்தது. அட்டையை எடுத்தவள், ஏனென்று தனக்கே விளங்காமல், அதைத் திருப்பினாள். எண் எதுவுமற்ற வெள்ளைப் பக்கத்தைக் கண்ணாடியில் வைத்தாள்.

அவன் அதை நேராகப் பார்த்தான். “பதினொண்ணு,” என்றான்.

அவள் கை அட்டையோடு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றது.

“மேடம், நான் வெத்துப் பக்கத்தைக் காட்டினேன். அதுக்கும் பதினொண்ணுங்கிறார்.”

“எட்டு தடவை காட்டியிருக்கீங்க. மனப்பாடம் ஆகியிருக்கும்.”

“ஆகட்டும். வெள்ளை அட்டையைக் காட்டினா, என்ன விளையாட்டு இதுன்னு ஒரு வார்த்தை கேட்க மாட்டாரா? செத்தவன் வாய்லகூடப் பேச்சைப் புடுங்கற ஆளு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் அட்டையைக் கீழே வைத்தாள். கணினியின் முன் குனிந்து, இதுவரை யாரும் திறந்திராத ஒரு பக்கத்தைத் திறந்தாள். திரையில் தெரிவது ஐந்து நிமிடங்களின் சராசரி. ஆய்வுக்கு அது போதும் என்று அப்படி அமைத்திருந்தார்கள். மணியடிப்பதும் அந்தச் சராசரியைப் பார்த்துத்தான். இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு நொடியின் அளவும் இருந்தது. கோடு ரம்பத்தின் பற்களைப்போல் இறங்கி ஏறியது: முப்பத்தொன்பதை நெருங்கி, சட்டென்று முப்பத்துநான்குக்குச் சரிந்து, திணறித் திணறி மேலேறி, மறுபடியும் சரிந்தது. மனித உடலின் உட்சூடு ஒரு நிமிடத்தில் ஐந்து பாகை இறங்காது. தன் தாளில் தானே குறித்திருந்த நேரங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு சரிவும் அவன் தண்ணீர் குடித்த நேரம்.

“மேடம், நாம தண்ணியோட சூட்டை எழுதிக்கிட்டிருக்கோம். மாத்திரை இன்னும் இரைப்பையிலதான் இருக்கு.”

“எப்படி இருக்கும்? அஞ்சு மணிக்குப் போட்டதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க.”

“நான் எழுதினேன். அவர் சொல்றதுக்கு முன்னாடியே, நேத்தே எழுதிட்டேன்.”

மேடம் திரையையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னும் மூணு நிமிஷம். ஐம்பது ஆனா முழு அளவா எடுத்துட்டு நாமளே நிறுத்திடலாம். அவர் நல்லாத்தானே மிதிக்கிறார்?”

“மேடம், அவன் என் தம்பி.”

அதைச் சொன்னபோது அவள் சால்வை தரையில் விழுந்ததும், கதவின் பிடியை அவள் ஏற்கெனவே திருகியிருந்ததும் ஒன்றாக நிகழ்ந்தன.

வெக்கை ஈரத் துணியாய் அவள் முகத்தில் அப்பியது. அருகில் போனதும்தான் பாட்டு கேட்டது. காதுக்கருவியின் ஓரங்களில் கசிந்த மேளத்தின் அடி ஒரு கதியில் விழ, அவன் கால்கள் வேறொரு கதியில், இடறி இடறிச் சுற்றிக்கொண்டிருந்தன. உதடுகள் மட்டும் பாட்டோடு அசைந்தன. அவன் தோளைத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்டதுபோல் இருந்தது. காதுக்கருவியைக் கழற்றினாள்.

“போதும், நிறுத்து. இறங்கு.”

அவன் அவளைப் பார்த்தான். அக்காவைப் பார்க்கும் பார்வை அதில் இல்லை.

“நீங்க உட்காருங்க மேடம்,” என்றான் பணிவாக. “நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவேன்.”

“டேய், என்னைப் பாருடா. நான் யாரு?”

“பஸ்லதான் முழுங்கினேன். லேட்டாயிடுச்சு.” குரலைத் தாழ்த்தி, உடன் பயணம் செய்யும் அயலாளிடம் கெஞ்சுவதுபோல் சொன்னான். “எங்க அக்காகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், பயந்துடும்.”

கால்கள் நிற்கவில்லை. அவள் சைக்கிளின் தடையை முழுதும் இறுக்கினாள். சக்கரம் நின்றதும், அதுவரை அவனைத் தாங்கியிருந்தது அந்தச் சுழற்சிதான் என்பதுபோல், அவன் பக்கவாட்டில் சரிந்தான். பின்னாலேயே ஓடிவந்திருந்த மேடம் அவன் தலை தரையில் மோதாமல் பிடித்துக்கொண்டார். அந்த நொடியிலிருந்து அவர் வேறோர் ஆளாகியிருந்தார். குறிப்பேடு எங்கே விழுந்ததென்று அவருக்கே தெரிந்திராது.

“தொட்டிக்கு ஐஸ். நான் இவரைப் பார்த்துக்கிட்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன், ஓடுங்க.”

வெப்ப அறையின் மூலையில் ஒரு நீர்த்தொட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்பதும், பக்கத்தில் ஐஸ் தயாராக இருக்க வேண்டும் என்பதும் விதி. இதுவரை இருபத்துமூன்று முறை அவள் ஐஸ் கொண்டுவந்து, சோதனை முடிந்ததும் முணுமுணுத்தபடி கழுவுதொட்டியில் கொட்டியிருந்தாள். இப்போது மூன்று வாளியையும் ஒரே மூச்சில் கவிழ்த்தாள். இருவருமாக அவனைத் தூக்கிக் கழுத்துவரை நீரில் இறக்கினார்கள். அவன் திமிறினான். யாரையோ திட்டினான். மேடம் மலக்குடலில் வைக்கும் வெப்பமானியைச் செருகி, கம்பியின் மறுமுனையில் இருந்த சிறு திரையைத் துடைத்துப் பார்த்தார்.

“எவ்வளவு?”

மேடம் அந்தத் திரையை இன்னொரு முறை துடைத்தார்.

“எவ்வளவு, மேடம்?”

“நாற்பத்தொண்ணு புள்ளி ரெண்டு.”

அந்த எண்ணுக்கு மேல் மூளைக்கு என்ன ஆகும் என்று அவர்கள் இருவருக்கும் தெரியும். அவள் அவன் அக்குள்களின் அடியில் கைகளைக் கொடுத்துத் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். மேடம் நீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கலக்காவிட்டால் உடலைச் சுற்றி ஒரு வெந்நீர்ப் படலம் நின்றுவிடும். தரையில் கிடந்த காதுக்கருவி ஒரு பாட்டை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கியது. அதை மிதித்து நொறுக்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. ஆனால் கால்கூட எட்டவில்லை.

நாற்பத்தொன்று. நாற்பது புள்ளி ஏழு. ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் வந்து வாசலில் நின்றார்கள்.

“ஏத்திடலாமாம்மா?” என்றார் மூத்தவர்.

“வேண்டாம். சூட்டை இறக்கிட்டுத்தான் எடுக்கணும்,” என்றார் மேடம்.

“நாற்பது புள்ளி மூணு,” என்றாள் அவள். தன் கைகளுக்கு உணர்ச்சி போயிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். அவன் திமிறுவதை விட்டிருந்தான். திமிறியபோது இருந்த அச்சம் சிறியது என்று இப்போது தெரிந்தது. மூச்சு வருகிறதா என்று அவன் வாயருகே காதை வைத்தாள். வந்தது. முப்பத்தொன்பது புள்ளி ஆறு. முப்பத்தொன்பது புள்ளி ஒன்று. முப்பத்தெட்டு புள்ளி எட்டில் தூக்கினார்கள்.

மருத்துவமனையில் அவளை உள்ளே விட மூன்று மணி நேரம் ஆயிற்று. மருத்துவர் இளையவர், சொற்களை எண்ணிப் பேசினார்.

“பேரு கேட்டா சொல்றார், நாள் கேட்டா சொல்றார். தலையைப் பத்திக் கவலை குறைஞ்சிருக்கு. ஆனா இவ்வளவு சூட்டுல சதை உடைஞ்சு ரத்தத்துல கலக்கும். அதை வடிகட்டப் போய் சிறுநீரகம் அடைச்சுக்கலாம். நாளைக்குக் காலை வரைக்கும் சிறுநீரோட நிறத்தைப் பார்க்கணும். வெளுத்துட்டா நல்லது.”

கட்டிலின் பக்கவாட்டில் தொங்கிய பையில் பால் சேர்க்காத கடுந்தேநீரின் நிறத்தில் ஒரு கால் பங்கு நிறைந்திருந்தது. அவள் நாற்காலியைப் பையின் பக்கமாகப் போட்டுக்கொண்டாள். எல்லாச் சோதனைகளையும் நிறுத்திவிட்டு, நடந்ததை நடந்தபடியே எழுதி, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் குழுவுக்கு அனுப்பிவிட்டதாக மேடம் தொலைபேசியில் சொன்னார். உறவை மறைத்ததையும் எழுதியிருக்கிறீர்களா என்று அவள் கேட்டாள். எழுதியிருக்கிறேன் என்றார். நன்றி என்று அவள் சொன்னதும் அவர் வைத்துவிட்டார்.

மாலையில் அவன் கண்ணைத் திறந்தான்.

“அக்கா, எவ்வளவு நேரம் ஓட்டினேன்?”

“நாற்பத்தேழு நிமிஷம்.”

“பார்த்தியா. பத்து நிமிஷம் ஜாஸ்தி.”

“வாயை மூடுடா.” அவன் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு கேட்டாள்: “ஏன்டா பொய் சொன்ன?”

“தூங்கிட்டேன். சொன்னா உனக்கு...”

“மாத்திரையை விடு. ஒவ்வொரு தடவையும் பதினொண்ணு, பதினொண்ணுன்னியே. முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே உள்ள வந்திருப்பேன்ல? யாருக்கு வீரம் காட்டின?”

அவன் கூரையைப் பார்த்து யோசித்தான். விளையாட்டு அவன் முகத்திலிருந்து முழுதும் விலகியிருந்தது.

“அது பொய் இல்லக்கா. எனக்குக் கஷ்டமாவே இல்ல. ஒரு கட்டத்துக்கு மேல சூடே தெரியலை. காலு என்னோடதாவே இல்லாத மாதிரி, சும்மா மிதந்துட்டுப் போற மாதிரி இருந்துச்சு. அப்படி ஒரு சுகத்தை நான் பார்த்ததே இல்லை. நீ ஏன் நிறுத்தினன்னுதான் தோணுச்சு.”

அவன் பொய் சொன்னதாகவே இருக்கட்டும் என்று பிற்பகல் முழுதும் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். பொய்யனைத் திட்டலாம், சத்தியம் வாங்கலாம், அடுத்த முறை சந்தேகப்படலாம். இவனோ உள்ளது உள்ளபடி சொல்லியிருக்கிறான். சாவின் வாசல்வரை போனவனுக்கு அது இதமாக இருந்திருக்கிறது. அடுத்த மாதம் இவன் வெயிலில் ஓடும்போது எந்த எண்ணைக் கேட்டு எதை நம்புவது?

“ஓட்டத்துக்கு இந்த வருஷம் போக வேண்டாம்,” என்றாள்.

“போகலை,” என்றான் அவன் உடனே. பிறகு, தயங்கி, “எனக்கே பயமா இருக்கு. திரும்பவும் நல்லா இருந்துடுமோன்னு,” என்றான்.

அவள் அவன் நெற்றியில் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. அதையும் அவள் நம்பவில்லை. செவிலியைக் கூப்பிட்டு வெப்பமானி வைக்கச் சொன்னாள். முப்பத்தேழு புள்ளி இரண்டு. மறுபடியும் ஒருமுறை வைக்கச் சொன்னாள். செவிலி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சின்றி வைத்தார். அதே எண்.

பையை மாற்றும் நேரமாகியிருந்தது. செவிலி பழையதை எடுத்துக்கொண்டு வெறும் பையை மாட்டிவிட்டுப் போனார். அவன் தூங்கிவிட்டான். அவள் தரையில் மண்டியிட்டு, பையில் வந்து முடியும், ஒளி ஊடுருவும் குழாயை விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு, அடுத்த துளி இறங்கக் காத்திருந்தாள். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒன்று வந்தது. அதைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். கருமை கொஞ்சம் விலகியதுபோல் இருந்தது. தன் ஆசைதான் அப்படிக் காட்டுகிறதோ என்று அடுத்த துளிக்கும், அதற்கடுத்த துளிக்கும் காத்திருந்து, பத்துத் துளி வரை பார்த்த பிறகே அவள் எழுந்து மருத்துவரைத் தேடிப் போனாள், அவரும் ஒருமுறை பார்க்கட்டும் என்று.